எக்ஸ்எல் வேணாம் அண்ணாச்சி, நீளம்தான் வேணும்!

போன ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டு மொட்டை மாடியில சூரிய நமஸ்காரம் பண்ணிட்டிருந்தேன். ரெண்டு கையையும் மேல தூக்கினேன். டி-ஷர்ட்டும் கூடவே ஏறிக்கிச்சு. சரி போகட்டும்னு குனிஞ்சேன். ட்ராக் பேண்ட் பின்பக்கம் இறங்கிடுச்சு. எதிர் மாடியில வத்தல் காயப்போட்டுட்டு இருந்த அத்தை பட்டுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பன்னிரண்டு சுத்து போடணும்னு ஏறினவன், ஒண்ணரை சுத்தோட மூட்டை கட்டிட்டு, சட்டையை ஒரு கை, பேண்டை ஒரு கைன்னு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு படியிறங்கி வந்துட்டேன்.

சிரிச்சு முடிச்சாச்சா மக்களே? சரி, மேட்டருக்கு வருவோம். வீட்ல உடற்பயிற்சி பண்ற நெட்டையான ஆளுங்க என்ன துணி போடறதுங்கிறதுதான் இன்னிக்கு மேட்டர். 'இதுக்கெல்லாம் ஒரு பதிவா?'ன்னு கேக்கறவங்க அஞ்சரை அடிக்காரங்களாத்தான் இருப்பீங்க. உங்களுக்கு எந்தக் கடையில நுழைஞ்சாலும் துணி கிடைக்கும். நல்லா இருங்க.

என் உயரம் ஆறடி மூணு அங்குலம். நெஞ்சு 38, இடுப்பு 33. சுருக்கமா சொன்னா ஒட்டடைக்குச்சி. சொந்த ஊர் விருதுநகர், தொழில் பொட்டி தட்டுறது, இப்போ பாதி நாள் வீட்லேருந்தே ஆணி புடுங்கற ஏற்பாடு. "உனக்கென்னப்பா, சத்யராஜ் மாதிரி கெத்தா இருக்கே"ன்னு சொல்லாத ஆளில்ல. "வாலிபால் ஆடுறியா?"ன்னு கேக்காத ஆளும் இல்ல. ஆனா "உனக்குப் பேண்ட் எங்க கிடைக்குது?"ன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் என் பேண்ட் குட்டையாயிடும். அம்மா இது தெரிஞ்சே கீழ நாலு விரக்கடை உள்ள மடிச்சுத் தைக்கச் சொல்லியிருப்பாங்க. ஜூன் மாசம் ஒரு மடிப்பைப் பிரிச்சு விடுவாங்க. வெளிய இருந்த துணி வெளுத்துப் போயிருக்கும், உள்ள மடிஞ்சிருந்தது மட்டும் கருநீலமா புத்தம்புதுசா இருக்கும். ரெண்டு வருஷத்துல பேண்டுக்குக் கீழ ரெண்டு பட்டை. மரத்துல வளையத்தை எண்ணி வயசு சொல்ற மாதிரி, பட்டையை எண்ணி நான் எத்தனாவதுன்னு சொல்லிடலாம். அந்தப் பட்டையும் கணுக்காலும் தெரியக்கூடாதுன்னு முட்டியை லேசா மடக்கி, தோளைச் சுருக்கி, தலையை முன்னாடி நீட்டி நிக்கப் பழகினேன். பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச கூன் காலேஜ்லயும் விடல. அதுக்கு மேல ஆறு வருஷம் லேப்டாப். வெந்த புண்ணுல வேல்.

முடிவு என்னன்னா, ராத்திரி திரும்பிப் படுக்க முடியாத அளவுக்குக் கழுத்துலயும் முதுகிலயும் வலி. பிசியோதெரபிஸ்ட் ஒரு தாள்ல ஏழு பயிற்சி எழுதிக் கொடுத்தார். "தினம் இருபது நிமிஷம் போதும் தம்பி, மாத்திரை எல்லாம் வேண்டாம்"னார். நாலு நாள் பண்ணேன், அஞ்சாவது நாள் விட்டுட்டேன். மறுபடி ஆரம்பிச்சேன், மறுபடி விட்டேன். "சோம்பேறி"ன்னு வீட்ல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். மொட்டை மாடி சம்பவத்துக்கு அப்புறம்தான் புத்திக்கு எட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினதும் இன்னொரு கை தானா சட்டையை இழுத்து விடப் போகுது. முழுசாக் குனிய மனசு வரல, பாதியில நிக்கறேன். இருபது நிமிஷத்துல பத்து நிமிஷம் பயிற்சி, பத்து நிமிஷம் மானங்காத்தல். எந்த மனுஷன் இதை தினமும் பண்ணுவான்?

என் கருத்து இதுதான், இப்பவே சொல்லிடறேன். உயரமானவங்களுக்குத் தேவை பெரிய சைஸ் இல்ல, நீளமான சைஸ். ரெண்டும் ஒண்ணுன்னு கடைக்காரரும் நினைக்கிறார், நாமளும் அப்படியே நம்பி வாங்கிட்டு வந்து, கடைசியில பயிற்சியையே விட்டுடறோம்.

ஒரே ஒரு இன்புட் வாங்கற ஃபங்ஷன்

நம்ம ஊர் பனியன் பாக்கெட்டைப் பாருங்க. 85, 90, 95, 100னு போட்டிருக்கும். அது சென்டிமீட்டர்ல நெஞ்சுச் சுற்றளவு. உங்க உயரம் எவ்வளவுன்னு அந்தப் பாக்கெட் கேக்கறதே இல்ல. டி-ஷர்ட்ல எஸ், எம், எல்னு எழுத்தா மாறினாலும் கதை அதேதான், நெஞ்சை வச்சுத்தான் கணக்கு. பொதுவா ஒரு சைஸ் ஏறினா நெஞ்சுச் சுற்று ரெண்டு அங்குலம் கூடும், நீளம் முக்காலோ ஒண்ணோ கூடும்.

இப்போ என் கணக்கைப் போடுங்க. உடம்பு எம் சைஸ். எம் சைஸ் டி-ஷர்ட் நீளம் 28 அங்குலம் இருக்கும். கையைத் தூக்கினாலும் இடுப்பை மூடணும்னா எனக்கு 31 வேணும். மூணு அங்குலத்துக்காக மூணு சைஸ் ஏறி டபுள் எக்ஸ்எல் வாங்கணும். நீளம் வந்துடும். கூடவே ஆறு அங்குலம் அகலம் இலவச இணைப்பு. தோள் தையல் புஜத்துல பாதியில கிடக்கும். பிளாங்க் போஸ்ல நின்னா வயித்துக்குக் கீழ தொட்டில் கட்டித் தொங்கும், ஒரு பச்சைப்புள்ளையைத் தூங்க வைக்கலாம்.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு இன்புட் வாங்க வேண்டிய ஃபங்ஷனை ஒரே இன்புட்ல எழுதி வச்சிருக்காங்க. உயரமும் அகலமும் எப்பவும் சேர்ந்தே வளரும்னு ஒரு அனுமானம். டெஸ்டிங்ல இப்படி ஒண்ணு சிக்கினா என் மேனேஜர் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்.

ஒரு சந்தேகம் வரலாம். "அப்போ ஆபீஸ் பேண்ட் மட்டும் எப்படிப்பா உனக்குச் சரியா இருக்கு?" நல்ல கேள்வி. ஆபீஸ் பேண்ட் பலதும் கீழ மடிச்சுத் தைக்காம, நீளமாவே வரும். வாங்கறவன் உயரத்துக்கு ஏத்த மாதிரி கடையிலேயே வெட்டி மடிச்சுத் தருவாங்க. குட்டையானவருக்கு வெட்டிப் போடற துணிதான் நெட்டையானவனோட பங்கு. ட்ராக் பேண்ட் அப்படி இல்ல. கணுக்கால்ல எலாஸ்டிக்கோ ரிப்போ வச்சு முடிச்சே வந்துடும், பிரிச்சு விட உள்ள ஒண்ணும் இருக்காது. அதனாலதான் ஆபீசுக்குக் கனவானா போறவன் வீட்ல முக்கால் பேண்டோட நிக்கறான்.

நியாயமாப் பேசணும்னா கம்பெனிக்காரங்க பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. 2016-ல உலக நாடுகளோட உயரத்தை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 1996-ல பிறந்த ஆண்கள்ல நெதர்லாந்துக்காரங்க சராசரி 182.5 சென்டிமீட்டர், நம்மாளுங்க சராசரி 165 சென்டிமீட்டரை ஒட்டி. நான் 190. எனக்குன்னு தைச்சு அடுக்கி வச்சா கடையில தூசிதான் படியும்னு அவங்க நினைக்கிறதைக் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா வயித்தெரிச்சல் எங்க வருதுன்னா, அந்த நெட்டை ஐரோப்பியனுக்கும் அமெரிக்கனுக்கும் டி-ஷர்ட் தைக்கறதே நம்ம திருப்பூர்தான். அந்த ஏற்றுமதிச் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போறப்போ மதுரை தாண்டி எங்க மாவட்டத்து அருப்புக்கோட்டை வழியாத்தான் போகுது. அதாவது எனக்குச் சரியா இருக்கற சட்டை கன்டெய்னர்ல ஏறி எங்க ஊருக்குப் பக்கத்துலயே கடந்து போகுது. நான் ரோட்டோரமா நின்னு டாட்டா காட்டணும்.

எங்க ஊர் நெட்டைக்காரர்

விருதுநகர்ல பிறந்துட்டு காமராஜரைச் சொல்லாம விட்டா சாப்பாடு செரிக்காது. 1903-ல எங்க ஊர்ல பிறந்தவர். நல்ல உயரம். அவர் படத்தை எங்க பார்த்தாலும் அதே கதர்ச் சட்டை. இடுப்போட நிக்காம தொடை வரைக்கும் இறங்கும், அரைக்கை, தொளதொளன்னு கை வீசி நடக்க வசதியா இருக்கும். எளிமைக்கு அடையாளம்னு எல்லாரும் அந்தச் சட்டையைச் சொல்வாங்க, உண்மைதான். எனக்கு அதுல இன்னொண்ணும் தெரியுது. உயரமான மனுஷன், ஊர் ஊரா அலையற வேலை, கொதிக்கற வெயில். மூணுக்கும் சேர்த்துப் பொருந்தின சட்டை அது. எந்தக் கடையிலயும் அவர் எக்ஸ்எல் கேட்டிருக்க மாட்டார், ஹிஹி. அளவெடுத்துத் தைச்ச காலம். நம்ம தாத்தாமாருக்கு இருந்த அந்த வசதியை ரெடிமேட் மோகத்துல நாமதான் தொலைச்சிட்டோம்.

பெரியம்மா கேட்ட கேள்வி

அளவை விட்டுட்டு துணிக்கு வருவோம். போன வருஷம் இணையத்துல தேடித் தேடி, நெட்டையானவங்களுக்குன்னே வர்ற வெளிநாட்டு டி-ஷர்ட் ஒண்ணு வாங்கினேன். விலையைச் சொன்னா அம்மா அடிப்பாங்க. நீளம் கச்சிதம். முழுக்க பாலியஸ்டர், வழவழன்னு மின்னும். அன்னிக்குன்னு பார்த்து சிவகாசியிலேருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. பட்டாசு ஆலையில இருபது வருஷத்துக்கு மேல வேலை. துணியைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளிச்சாங்க.

"என்னடா இது, நைலானா?"

"பாலியஸ்டர் பெரியம்மா. வேர்வை சீக்கிரம் காஞ்சிரும்."

"இதைப் போட்டுக்கிட்டு வந்தா எங்க ஷெட் வாசலைக்கூட மிதிக்க விடமாட்டாங்க."

வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மருந்து கையாளற இடத்துல நூல் துணிதான் உடுத்தணும். நைலான், பாலியஸ்டர் கூடாது. ஏன்னா செயற்கை இழை உடம்போட உரசினா நிலைமின்சாரம் சேரும். பருத்தியில எப்பவும் கொஞ்சம் ஈரப்பசை இருக்கும், அதனால மின்னூட்டம் தங்காம வடிஞ்சிடும். பாலியஸ்டர்ல ஈரம் தங்காது, மின்னூட்டம் அப்படியே நிக்கும். மனுஷ உடம்புல சில ஆயிரம் வோல்ட் வரைக்கும் சாதாரணமாச் சேரலாம், கதவுப் பிடியைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதே, அதுதான். வீட்ல அது சுருக்கு. வெடிமருந்து பக்கத்துல அது பொறி. இதுல இன்னொரு விஷயம், எங்க பக்கம் காத்து வறண்ட காத்து. பட்டாசும் தீப்பெட்டியும் இங்க வேர் பிடிச்சதுக்கு அந்த வறட்சி ஒரு முக்கியக் காரணம். அதே வறட்சிதான் நிலைமின்சாரத்தையும் வடிய விடாமப் பிடிச்சு வைக்குது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. முப்பத்தஞ்சு பேருக்கும் மேல போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் அப்போ ஒன்பதாவது. அந்த விபத்துக்கும் துணிக்கும் முடிச்சுப் போடல. ஆனா அதுக்கப்புறம் பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போறப்பல்லாம் ஒண்ணு கவனிச்சிருக்கேன். காலையில அவங்க கிளம்பறப்போ வீட்ல இருக்கற எல்லாரும் ஒரு தடவை அவங்க சேலையைப் பார்ப்பாங்க. நூல் சேலைதானான்னு. யாரும் வாயைத் திறந்து கேக்கமாட்டாங்க, பார்ப்பாங்க.

என் மொட்டை மாடியில ஒண்ணும் வெடிக்கப் போறதில்ல. அவங்களுக்குத் துணி உயிர்ப் பிரச்னை, எனக்கு வெறும் வசதிப் பிரச்னை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பேசக் கூச்சமாத்தான் இருக்கு. இருந்தாலும் அவங்ககிட்ட ஒண்ணு கத்துக்கிட்டேன். ஒரு துணியைக் கையில எடுத்ததும் பெரியம்மா "எடுப்பா இருக்கா?"ன்னு கேக்கறதில்ல. "எந்த வேலைக்கு?"ன்னுதான் கேக்கறாங்க. நான் இத்தனை வருஷமா அந்தக் கேள்வியே இல்லாம துணி எடுத்திருக்கேன்.

சரி, எனக்கு எது சரி? யோசிச்சுப் பார்த்தா பருத்திதான், ஆனா அதுக்குக் காரணம் ஊர்ப்பாசம் இல்ல. எங்க ஊர் வெயில் வறண்டது. வேர்வை பருத்தியில ஊறினாலும் ஃபேன் காத்துல சீக்கிரம் காஞ்சு, காயறப்போ உடம்பைக் குளுமையாக்கும். வீட்டுப் பயிற்சி இருபது நிமிஷம், அரைமணி நேரம்தான். சென்னையில இருக்கற நண்பர்களுக்கு இதே யோசனையைச் சொல்லமாட்டேன். கடற்கரை ஊர்ப் புழுக்கத்துல பருத்தி நனைஞ்சா நனைஞ்சதுதான், கனத்துப் போய் உடம்போட ஒட்டிக்கும். அங்க பாலியஸ்டர் கலந்தது பரவாயில்ல. மணிக்கணக்கா ஓடறவங்களுக்கும் அதேதான். 'காட்டன்தான் உசத்தி', 'டிரைஃபிட்தான் உசத்தி'ன்னு ரெண்டு பக்கமும் சண்டை போடறவங்க, எந்த ஊர், எந்த வேலைன்னு முதல்ல சொல்லிட்டு சண்டை போடுங்கப்பா.

பேண்டுக்கு மட்டும் பருத்தியோட நூத்துக்கு அஞ்சு பங்கு எலாஸ்டேன் இருந்தா நல்லது. நாம லைக்ரான்னு சொல்றோமே அதுதான், 1958-ல அமெரிக்காவோட டூபாண்ட் கம்பெனியில கண்டுபிடிச்ச இழை. முழங்கால் மடக்கி எந்திரிச்சதும் துணி பழைய வடிவத்துக்குத் திரும்பும். இல்லேன்னா ஒரு வாரத்துல முட்டியில ரெண்டு இட்லி உப்பி நிக்கும்.

தங்கச்சி கதை

என் கதையாவது பரவாயில்ல. என் தங்கச்சி அஞ்சடி ஒன்பது. இவளுக்குப் பயிற்சி பண்ண துணி தேடின கதையைக் கேட்டா நீங்க சிரிக்கமாட்டீங்க.

பொண்ணுங்க டி-ஷர்ட் ஏற்கெனவே ஆம்பளைங்களுதைவிடக் குட்டையாத்தான் தைக்கறாங்க. இவளுக்கு அது தொப்புள்ல நிக்கும். ஆம்பளைங்க சைஸ் எடுத்தா தோள் வழியுது, இடுப்புல பிடிக்குது. கடைசியில கதவைச் சாத்திட்டு நைட்டியோடவே பண்ணிட்டிருந்தா. ஒரு காலை முன்னாடி வச்சு இறங்கற லஞ்சஸ் பயிற்சியில நைட்டி ஓரத்தை மிதிச்சு, கட்டில் முனையில முட்டி இடிச்சு, ரெண்டு வாரம் நொண்டினா. அம்மா சொன்ன தீர்ப்பு: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" பாருங்க, தப்பு துணியோடது, தண்டனை புள்ளைக்கு.

நம்ம ஊர்ல பல வீடுகள்ல இதுதான் நடக்குது. ஜிம்முக்குப் போகமுடியாத பொண்ணுங்களுக்கு வீடுதான் ஜிம். அங்கேயும் நைட்டியோ, துப்பட்டாவை இடுப்புல முடிஞ்ச சுடிதாரோதான் யூனிஃபார்ம். உயரமா வேற இருந்துட்டா கேக்கவே வேணாம்.

அதுக்கு வழியும் அவளேதான் கண்டுபிடிச்சா. முழங்காலுக்கு ஒரு சாண் மேல நிக்கற மாதிரி பருத்தி டாப்ஸ், ரெண்டு பக்கமும் இடுப்பு வரைக்கும் சைடு ஓபன். காலை எவ்வளவு விரிச்சாலும் துணி தடுக்காது, குனிஞ்சாலும் பின்பக்கம் மூடியிருக்கும். கீழ கணுக்கால் வரைக்கும் அளவெடுத்துத் தைச்ச பனியன் துணி பேண்ட். உள்ளே போடற ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கறப்போ தோள் பட்டியை நீட்டிக் குறைக்கற வசதி இருக்கான்னு பார்க்கணுமாம், உடம்பு நீளமா இருந்தா நீட்ட முடியாத பட்டி தோளை அறுக்குமாம். இந்தத் தகவல் அவ சொன்னது, எனக்கு இதுல அனுபவம் போதாது :-)

தையல்காரரும் நானும்

தங்கச்சியைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்து, பனியன் துணி வாங்கிக்கிட்டு ஒரு தையல்கடைக்குப் போனேன். சட்டை பேண்ட் தைக்கறதுல கைதேர்ந்தவர். அழகா தைச்சும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதல் பஸ்கி. 'படபடபட'. சீட் தையல் மொத்தமும் விட்டுப்போச்சு. நல்லவேளை, மொட்டை மாடி இல்ல.

தப்பு அவரோடது மட்டும் இல்ல, என்னோடதும்தான். பனியன் துணி இழுபடும். சாதா மெஷின்ல போடற நேர்த்தையல் இழுபடாது. துணி நீளும், நூல் நீளாது, அறுந்துடும். இதுக்கு ஓவர்லாக் மெஷின் வேணும், குறைஞ்சது வளைஞ்சு வளைஞ்சு போற ஜிக்ஜாக் தையலாவது வேணும். நைட்டி, லெக்கிங்ஸ் தைக்கற கடைகள்ல ஓவர்லாக் இருக்கும். ரெண்டாவது தடவை அப்படி ஒரு அக்காகிட்ட போனேன். அவங்க அளவெடுத்து முடிச்சுட்டு, "தம்பிக்கு ஏணி போட்டுத்தான் அளவெடுக்கணும்"னு சிரிச்சாங்க. ஆனா துணி கச்சிதம்.

பட்ட பாட்டுலேருந்து கத்துக்கிட்டதை வரிசையாப் போட்டுடறேன். யாருக்காவது உதவும்.

1. கால் உள்ளளவு. செருப்பில்லாம சுவரோட ஒட்டி நில்லுங்க. சிவகாசியில அச்சடிச்ச தினசரி காலண்டர் எல்லார் வீட்லயும் இருக்கும், போன வருஷத்து அட்டையை எடுத்துக்கோங்க. அட்டையோட ஒரு ஓரம் சுவரைத் தொடற மாதிரி ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, கவட்டை வரைக்கும் ஏத்திப் பிடிச்சு, அட்டையோட மேல்விளிம்புக்கு நேரா சுவர்ல பென்சில் கோடு போடுங்க. தரையிலேருந்து அந்தக் கோடு வரைக்கும் அளவு. எனக்கு 35 அங்குலம். கடையில நான் பார்த்த ட்ராக் பேண்ட் எதுவும் 31-ஐத் தாண்டல. பிரச்னை என்னன்னு ஒரே நம்பர்ல புரிஞ்சுடுச்சு.

2. மேலுடம்பு நீளம். கழுத்தடியில தோள் ஆரம்பிக்கற இடத்துலேருந்து, கையைத் தூக்கி நின்னுக்கிட்டு, இடுப்புக்குக் கீழ நாலு விரக்கடை வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. கையைத் தொங்கவிட்டு அளந்தா ஏமாந்துடுவீங்க, ஏன்னா பயிற்சியில கை தொங்கிட்டு இருக்காது.

3. பின்பக்க உயரம். இதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. தொடை நீளமா இருக்கறவங்க பஸ்கி எடுக்கறப்போ மத்தவங்களைவிட அதிகமா முன்னாடி சாய்வாங்க, அப்போ பேண்ட் பின்னாடி இறங்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை ரெண்டு அங்குலம் உயர்த்தித் தைக்கச் சொல்லுங்க. வெறும் எலாஸ்டிக்கை நம்பாதீங்க, நாடாவும் வேணும். கவட்டையில நாலு தையலும் ஒரே புள்ளியில சேராம, நடுவுல ஒரு சின்ன வைர வடிவத் துண்டு வச்சுத் தைச்சா கிழியாது.

4. முதல்ல துணியை நனைச்சுக் காயப்போட்டுட்டு அப்புறம் வெட்டக் கொடுங்க. பருத்திப் பின்னல் துணி நீளவாக்குல சுருங்கும். நூத்துக்கு அஞ்சுன்னு வச்சுக்கிட்டாலும் 31 அங்குலத்துல ஒண்ணரை அங்குலம் காலி. நெட்டையானவனுக்கு அந்த ஒண்ணரை அங்குலம்தான் மானம்.

5. ரெடிமேட் வாங்கறதா இருந்தா டிரையல் ரூம்ல சும்மா நின்னு கண்ணாடி பார்க்காதீங்க. ரெண்டு கையையும் தூக்குங்க, குனிஞ்சு பாதத்தைத் தொடுங்க, ஒரு முழு பஸ்கி போடுங்க, ஒரு காலை முன்னாடி வச்சு இறங்குங்க. நாலுலயும் தேறினாத்தான் பில்லு. நீளத்துக்காகத் தொளதொளன்னு எடுக்கவே எடுக்காதீங்க. ஸ்கிப்பிங் ஆடறப்போ கால்ல மாட்டும், தலைகீழா நின்னா முகத்தை மூடும்.

ரெண்டு செட் தைக்க துணியும் கூலியும் சேர்த்து ஆன செலவு, அந்த வெளிநாட்டு டி-ஷர்ட் ஒண்ணோட விலையைவிடக் கம்மி. திருப்பூர்ப் பக்கம் போறவங்க காதர்பேட்டையில ஒரு சுத்து சுத்திப் பாருங்க, ஏற்றுமதியில மிஞ்சின சரக்கு கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா நீளமானதும் சிக்கும். லேபிளை நம்பாம டேப் எடுத்துட்டுப் போங்க.

கேக்கறது ரெண்டே ரெண்டு நம்பர்

'எல்லாரும் தைச்சுக்கோங்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போறது தீர்வு இல்லைன்னு எனக்கும் தெரியும். நேரமும் நல்ல தையல்காரரும் எல்லாருக்கும் அமையாது. நம்ம நாட்டு உடம்புக்குன்னு ஒரு அளவு அட்டவணை வேணும்னு நிஃப்ட் கல்லூரி மூலமா மத்திய ஜவுளி அமைச்சகம் ஒரு வேலையை எடுத்துச்சு. ஆறு நகரங்கள்ல 15 வயசுலேருந்து 65 வயசு வரைக்கும் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர்ல அளக்கற திட்டம். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா அந்த அட்டவணையையும் நெஞ்சுச் சுற்றுக்குள்ள சுருக்கி, எஸ், எம், எல்னு மூணு எழுத்தாக்கி ஒட்டிட்டா, அளந்தும் பிரயோஜனம் இல்ல.

கம்பெனிகள்கிட்ட நான் கேக்கறது எனக்குன்னு தனி சைஸ்கூட இல்ல. லேபிள்ல ரெண்டே நம்பர் போடுங்க. சட்டைக்கு முழு நீளம், பேண்டுக்கு கால் உள்ளளவு. ஜீன்ஸ்ல இடுப்பு ஒரு நம்பர், நீளம் ஒரு நம்பர்னு போட்டு விக்கறாங்கல்ல, அதே மாதிரி. இணையக் கடையில கலரை வச்சுத் தேடலாம், விலையை வச்சுத் தேடலாம், நீளத்தை வச்சும் தேட ஒரு வசதி கொடுங்க. அதை எழுத எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியும், நானும் அதே பொழப்புதான் பாக்கறேன்.

கடைசியா ஒண்ணு. எங்க தெருவுல ஒரு பையன், ஒன்பதாவது படிக்கறான். இந்த ஒரு வருஷத்துல பனைமரம் மாதிரி வளர்ந்துட்டான். நேத்து பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். பேண்ட் கணுக்காலுக்கு மேல நிக்குது. முட்டியை லேசா மடக்கி, தோளைச் சுருக்கி, தலையை முன்னாடி நீட்டி நிக்கறான். கண்ணாடியில என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. "நிமிர்ந்து நில்லுடா"ன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல. எனக்கு எத்தனை பேர் அதைச் சொல்லியிருக்காங்க, நான் நிமிர்ந்தேனா? முதல்ல அவன் பேண்டை நீளமாக்கணும், அப்புறம் நிமிரச் சொல்லலாம். அவங்க அம்மாகிட்ட அந்த ஓவர்லாக் அக்கா கடையோட வழியைச் சொல்லிட்டு வந்தேன்.

நெட்டையான மக்களே, உங்க ஊர்ல நல்ல தையல்காரர் யாராவது இருந்தா சொல்லிட்டுப் போங்க. குட்டையான மக்களே, கும்மறதுக்கு வந்திருப்பீங்க, தாராளமாக் கும்முங்க. உங்களைக் குனிஞ்சு பார்த்துப் பேசறதும் என் முதுகுக்கு ஒரு பயிற்சிதான் ;-)

பி.கு: இன்னிக்குக் காலையில புதுத் துணியோட மாடிக்குப் போனேன். பன்னிரண்டு சுத்தும் முடிச்சேன், ஒரு தடவைகூட சட்டையை இழுத்து விடல. எதிர் மாடி அத்தை இந்தத் தடவை முகத்தைத் திருப்பல. "தம்பி, அப்படியே கையை நீட்டி அந்த வத்தல் துணி பறக்காம ஒரு கல்லை வைப்பா"ன்னாங்க. ரெண்டு மாடிக்கும் நடுவுல மூணடி சந்து. எட்டி வச்சேன். உயரத்துக்கும் ஒரு உபயோகம் இருக்கத்தான் செய்யுது. வரட்டா!